வயிற்றில் கட்டமில்லாத டீக்கன்

ஹாக்கெட் கிரீக்கில் பாம்பு என்றால் இரண்டே ரகம்தான். கறுப்பாக இருந்தால் எலி பிடிக்கிற பாம்பு, போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். மீதி எல்லாம் செம்புத்தலையன் என்கிற விஷப்பாம்பு. கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் பழுப்பு, தரையோடு தரையாகக் கிடந்தது, போதும். செம்புத்தலையன்தான், கடித்தால் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கும் என்று ஊரே பைபிள்மேல் அடித்துச் சத்தியம் செய்யும். போன வருஷம் ஒரு மகானுபாவர் தன் வீட்டுத் தோட்டத்து ரப்பர் குழாயையே செம்புத்தலையன் என்று துப்பாக்கியால் சுட்டுவிட்டார். குழாய் செத்தது. ஊரில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. நானாக இருந்தாலும் சுட்டிருப்பேன் என்றுதான் சொன்னார்கள்.

துப்பாக்கி இல்லாதவர்கள் லானி பர்விஸுக்கு போன் செய்வார்கள். நாற்காலி செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாய் ஓயாதவன். அவனிடம் நீளக் காம்பு போட்ட ஒரு களைவெட்டி இருந்தது. பெயர்தான் களைவெட்டி. அது ஜென்மத்தில் ஒரு களையைப் பார்த்ததில்லை. அவன் மனைவி வெர்னெல் போட்டிருந்த பீன்ஸ் பாத்தியில் பீன்ஸைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு புல். அதைப் பிடுங்கச் சொன்னால் லானிக்கு இடுப்பு வலிக்கும். ஆனால் பாம்பு என்று போன் வந்தால், வலித்த இடுப்பு எங்கே போனதென்றே தெரியாது. களைவெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பட்டாளத்துக்காரன் மாதிரி தெருவில் நடப்பான்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை மிஸ் ஓப்பல் கூப்பிட்டாள். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவள். இப்போதும் பேச்சில் அந்தக் குத்து இருக்கும்.

"லானி! முன்வாசல்ல, துணிக்கூடைக்குள்ள. செம்புத்தலையன். ராட்சசன். சீக்கிரம் வா, கேக் அடுப்புல இருக்கு."

எது அவசரம், பாம்பா கேக்கா என்று லானி கேட்கவில்லை. மிஸ் ஓப்பலின் வெண்ணெய் கேக்தான் அவன் கூலி.

போனான். கூடையில் மடித்து வைத்த துண்டுகளின் மேல், இஸ்திரி போட்ட சூடு ஆறாத இடமாகப் பார்த்து, ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. செங்கல்லை நனைத்தால் வருமே, அந்தச் சிவப்பு. லானி களைவெட்டியை நீட்டிக் கூடையைச் சாய்த்தான். பாம்பு ஓட வேண்டும், அவன் ஓங்க வேண்டும். அதுதான் வழக்கம். இது ஓடவில்லை. தலையைத் தூக்கிக் காம்பை நாக்கால் தொட்டுப் பார்த்தது. பிறகு, இதற்காகத்தானே நீட்டினாய் என்பதுபோலக் காம்பில் ஏறியது. ஏறி, லானியின் கைக்கு வந்து, அரைக்கைச் சட்டைக்குள் தலையை விட்டு, அக்குள் பக்கமாகப் போய் அடங்கிக்கொண்டது.

மிஸ் ஓப்பல் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். ஜன்னலைத் திறந்தாள்.

"லானி, செத்துட்டியா?"

"இன்னும் இல்ல மிஸ் ஓப்பல்."

"கடிச்சுதா?"

"இல்ல. தூங்குது போல."

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். படையாவது நடுங்கலாம், அதற்கு இடம் இருக்கிறது. லானிக்கு நடுங்கக்கூடத் தைரியம் வரவில்லை. அசையாமல் நின்றான். நிற்க நிற்க ஒன்று தெரிந்தது. சட்டைக் கைக்குள் எப்படி நுழைவது என்று இதற்குப் பழக்கம் இருக்கிறது. காட்டுப் பாம்புக்குச் சட்டையைப் பற்றி என்ன தெரியும்? இது யாரோ வளர்த்த பாம்பு. தொலைந்துபோன பாம்பு. அடிக்க வந்தவன் கைக்குள்ளேயே அடைக்கலம் புகுந்திருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் லானிக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அது பயம் இல்லை.

களைவெட்டியை இடது கையில் பிடித்து, வலது கையைச் சட்டைக்குள் பாம்போடு அப்படியே விறைப்பாக வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். கேக்கை மறந்துவிட்டான். அவன் சரித்திரத்தில் அது முதல் தடவை.

வெர்னெல் பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமைப்பவள். கோடை விடுமுறை, வீட்டில் இருந்தாள். கணவன் கையைத் தூக்கியபடி வருவதைப் பார்த்து, "தோள் பிசகிடுச்சா?" என்றாள். சட்டைக் கையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவள் கத்தவில்லை. கையில் இருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"லானி பர்விஸ், ஒன்னு அது வெளிய போகணும், இல்ல நீங்க ரெண்டு பேரும் வெளிய போகணும்."

"வளர்த்த பாம்பு, வெர்னெல். யாரோ தேடிட்டு இருப்பாங்க."

"தேடுறவங்க புத்தியையும் சேர்த்துத் தேடட்டும்."

ஆனால் தொலைந்ததைத் தேடுகிறவர்கள் என்ற வார்த்தை அவளை இளக்கியது. பல வருஷத்துக்கு முன் அவர்கள் வளர்த்த வேட்டை நாய் காணாமல் போனபோது வெர்னெல் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அதைக் கண்டெடுத்தவரிடம் வேறொருவன் போய்த் தன் நாய் என்று சாதித்து வாங்கிப் போய்விட்டான். காரணம், வெர்னெலே ஊரெல்லாம் ஒட்டிய காகிதத்தில் இடது காதில் வெட்டு, வாலில் வெள்ளை என்று அத்தனை அடையாளத்தையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதனால் இப்போது வழக்கறிஞர் மாதிரி உட்கார்ந்தாள்.

"அடையாளம் முழுசையும் நாம சொல்லக் கூடாது. ஒன்னை ஒளிச்சு வைக்கணும். அதுல எது வித்தியாசமா இருக்குன்னு பாரு."

போனில் படம் பார்த்துப் பார்த்து இருவரும் முதலில் பெயரைக் கண்டுபிடித்தார்கள். கண்ணில் பாப்பா வட்டமாக இருந்தது. செம்புத்தலையனுக்குப் பூனைக்கண் மாதிரி நெட்டுக்கீற்று. இது சோளப் பாம்பு. விஷம் கிடையாது. வயிறு கட்டம் கட்டமாக, இலையுதிர் காலத்தில் வாசல் கதவில் தொங்கவிடுவார்களே, அந்தப் பல வண்ணச் சோளக்கதிர் மாதிரி இருக்கும், பெயரே அதனால்தான் என்று போன் சொன்னது. அதை போன் சொல்லவே தேவையில்லை. சோளப் பாம்புக்கு வயிற்றில் கட்டம் என்று அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். பாம்பைப் பார்த்தால் சோளப் பாம்பு என்று தெரியாது, அவ்வளவுதான்.

லானி மெல்லத் திருப்பினான். கட்டமே இல்லை. முழுக்க வெள்ளை, இரண்டு ஓரத்திலும் லேசாக ரோஜா நிறம் பூசினாற்போல.

"இதுதான்," என்றாள் வெர்னெல். சிவப்புக்காகவே ஜோடி சேர்த்து வளர்க்கிற ஒரு வகைக்கு இப்படிக் கட்டமில்லாத வயிறு இருக்கும் என்று போன் இன்னும் கொஞ்சம் தேடியபின் ஒப்புக்கொண்டது.

தீவனக் கடைச் சுவரில் வெர்னெல் எழுதி ஒட்டினாள்: சோளப் பாம்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டது, உயிரோடு இருக்கிறது, அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று சொல்பவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

அன்று மாலையே போன் அடிக்க ஆரம்பித்தது.

"வயித்துல எலி இருக்கு!" என்று சொல்லிவிட்டு ஒருவன் சிரித்தபடி வைத்தான். அடுத்தவனும் எலி. அடுத்தது ஒரு பெண், அவளும் எலி. வெர்னெல் கடைக்குப் போய், வயிற்றில் என்பதை அடித்து வயிற்றின்மேல் என்று திருத்திவிட்டு வந்தாள்.

சொந்தக்காரர் வரும்வரை பாம்பு இருக்கட்டும் என்று முடிவாயிற்று. வெர்னெல் அதற்குப் பெயர் வைக்க மறுத்து "உன் கயிறு" என்றே சொன்னாள். லானி டீக்கன் என்று பெயர் வைத்தான். சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து, அசையாமல், எல்லாம் தெரிந்த முகத்தோடு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கும் சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்மார்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

மீன் செத்துப்போய்க் காலியாகக் கிடந்த கண்ணாடித் தொட்டி டீக்கனின் வீடானது. ஒரு பக்கம் சூடு விளக்கு, ஒரு பக்கம் தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ளக் கவிழ்த்து வைத்த பூந்தொட்டி. மூடியின்மேல் கனத்துக்கு வெர்னெலின் பெரிய சமையல் புத்தகம். சாப்பாடுதான் சிக்கல். உறைய வைத்த எலிகளைப் பக்கத்து ஊர்க் கடையிலிருந்து லானி வாங்கி வந்து, ஃப்ரீசரில் வெர்னெல் நறுக்கி வைத்திருந்த பீச் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பாம்புக்குப் பால் வார்க்கிறவனைப் பார்த்திருக்கேன்," என்றாள் வெர்னெல். "என் பீச் பழப் பை பக்கத்துல எலியை வைக்கிறவனை இப்பத்தான் பார்க்கிறேன்."

"பையில போட்டுத்தான வச்சிருக்கேன்."

"நாளைக்கு உன் தட்டுல எது வரும்னு எனக்கே தெரியாது, ஜாக்கிரதை."

எலியை வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் பிடித்து ஆட்டினால் டீக்கன் ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடும். பிறகு நிதானமாக விழுங்கும். விழுங்கியபின் கொட்டாவி விடும். லானி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். ஆலையில் மேஸ்திரியோடு போட்ட சண்டை, பதினெட்டு வயதில் பிடித்த மீன், அந்த மீன் ஒவ்வொரு வருஷமும் வளர்ந்த கதை. வெர்னெல் இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள்.

"எவ்வளவு பொறுமையா கேட்குது பாரு," என்றான் லானி.

"பாம்புக்குக் காது கிடையாது லானி. அதனாலதான் உன்கூட இருக்கு."

ஜூலை நடுவில் டீக்கன் சாப்பிட மறுத்தது. எலியை ஆட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. லானி குனிந்து பார்த்தான். கண்கள் இரண்டும் பால் ஊற்றினாற்போல வெளுத்து, நீலம் பாரித்திருந்தன. சிவப்பும் மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. லானியின் முகமும் அதே நிறத்துக்கு வந்தது.

"வெர்னெல், கண்ணு போச்சு. குருடாயிடுச்சு. நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன். விளக்கு ரொம்பச் சூடா?"

ஊரில் எத்தனையோ பாம்பைத் துண்டாக்கியவன் ஒரு பாம்புக்குக் கண் தெரியவில்லை என்று கண்கலங்கி நின்றதை வெர்னெல் பார்த்தாள். அப்போது கேலி செய்யவில்லை. அடுத்த வாரத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள். போனைத் திறந்து படித்தாள்.

"தோல் உரிக்கப் போகுது, அறிவுகெட்டவனே. ஈரத் துணி போடணுமாம்."

பழந்துணி எதையும் அவள் தேடவில்லை. விருந்தாளிக்கு வைத்திருந்த நல்ல துண்டை நனைத்துத் தொட்டிக்குள் வைத்தாள். வைக்கும்போது விரல் பட்டது. கையை இழுத்துக்கொள்ளாமல் இன்னொரு தரம் தொட்டாள். "கொழகொழன்னு இருக்கும்னு நினைச்சேன்," என்றாள். "பட்டுத்துணி மாதிரில்ல இருக்கு." நாலைந்து நாளில் டீக்கன் காலுறையைக் கழற்றுவதுபோல ஒரே தோலாக உரித்துப் போட்டுவிட்டு, புதுச் செங்கல் நிறத்தில் வெளியே வந்தது. லானி அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

இதற்கு நடுவே ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொரு கார் வாசலில் நிற்கும்போதும் லானி ஜன்னலுக்கு ஓடுவான். தேடி வந்தவர்கள் போய்விட வேண்டுமே என்று வேண்டிக்கொள்வான். கண்டெடுத்த பொருள் தன் பொருளல்ல என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, மனசு ஒட்டிக்கொண்டது.

டோல்பர்ட் சாப் வந்தது ஒரு சனிக்கிழமை. சபையின் நிஜமான டீக்கன். அவருடைய சோளக் கிடங்கில் எலித் தொல்லை.

"அந்தப் பாம்பு என்னோடதுதான் போலிருக்கு," என்றார், மேலே பார்த்தபடி.

"வயித்து மேல என்ன இருக்கு?" என்றாள் வெர்னெல்.

"கட்டம். கட்டம் கட்டமா. சோளப் பாம்புக்கு வேற என்ன இருக்கும்?"

"தப்பு!" என்று லானி கத்திய கத்தலில் அவர் ஒரு படி கீழே இறங்கிவிட்டார்.

"அது எப்படித் தப்பாகும்? எங்க, கொண்டு வா, பார்ப்போம்."

"டீக்கன் இப்பத்தான் எலி சாப்பிட்டுட்டுப் படுத்திருக்காரு," என்றான் லானி. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. டோல்பர்ட் சாப் ரொம்ப நேரம் அவனையே பார்த்துவிட்டுப் போனார். வெர்னெல் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் கட்டம் என்றே சொன்னார்கள். கட்டம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் லானிக்குப் பாடலாம் போலிருந்தது.

ஆகஸ்டில் வெர்னெல் பாட்டுப் பயிற்சிக்குச் சபைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தூசி படிந்த சின்னக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் இருபத்தைந்து வயதுப் பெண். நர்ஸ் உடுப்பு. முழங்கை வரைக்கும் தொளதொளவென்று சட்டைக் கை.

"சார், என் பேரு கென்ட்ரா ஓகில்ஸ்பி. கடற்கரைப் பக்கம் வேலை கிடைச்சு ஜூன் மாசம் வீடு மாத்திட்டுப் போனேன். இந்த ஊர்ல இருக்கே பீச் பழக் கடை, அங்க வண்டிய நிறுத்தினேன். ஊர் போய்ச் சேர்ந்து பார்த்தா என் பாம்பைக் காணோம். வண்டிக்குள்ளதான் எங்கயோ இருக்குன்னு சீட்டை எல்லாம் கழட்டிப் போட்டுட்டேன் சார். நேத்து யாரோ உங்க நோட்டீஸை ஃபேஸ்புக்ல போட்டிருந்தாங்க."

பீச் பழக் கடை மிஸ் ஓப்பல் வீட்டு வாசலுக்கு நேர் எதிரில் இருந்தது. லானி கேட்காமல் இருக்க முடியுமா என்று பார்த்தான். முடியவில்லை.

"வயித்து மேல என்ன இருக்கு?"

"ஒன்னுமே இருக்காது சார்," என்றாள் அவள் உடனே. "வெறும் வெள்ளை. ஓரத்துல மட்டும் லேசா ரோஸ். அவ அப்படித்தான். எல்லாருக்கும் கட்டம் இருக்கும், அவளுக்கு இருக்காது."

உள்ளே தொட்டி இருந்தது. வெர்னெல் வீட்டில் இல்லை. சாட்சி கிடையாது. மூன்றெழுத்து வார்த்தை ஒன்று, அதைச் சொன்னால் போதும்.

"தப்பு," என்றான் லானி.

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. அதுதான் கொடுமை. அவன் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டாள்.

"ஓ. அப்ப வேற பாம்பா இருக்கும். மன்னிச்சுக்கோங்க சார், உங்க நேரத்தைக் கெடுத்துட்டேன்." திரும்பினவள் ஒரு படி இறங்கி நின்றாள். "யார் கைலயாவது கிடைச்சிருந்தா, அவங்க கேட்டா சொல்லுங்க சார். சாப்பிட்ட ரெண்டு நாளைக்கு அவளைத் தூக்கக் கூடாது, கக்கிடுவா. தோல் உரிக்கிறப்ப கண்ணு பால் மாதிரி ஆயிடும். தெரியாதவங்க குருடாயிட்டான்னு நினைச்சு ரொம்பப் பயந்துடுவாங்க, பாவம்."

அவள் கண் அவனைத் தாண்டிப் போயிற்று. கதவோரம் களைவெட்டி சாய்ந்திருந்தது.

"பழக் கடைல சொன்னாங்க," என்றாள் மெதுவாக. "இங்க களைவெட்டியோட ஒருத்தர் இருக்காராம். பாம்புன்னு சொன்னா உடனே வந்து அடிச்சுக் கொடுப்பாராம். உங்ககிட்ட இருக்கிறது வேற பாம்புன்னா..."

உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு, மரியாதையாக நன்றி சொல்லிக் காருக்கு நடந்தாள்.

தன் பாம்பை இந்த ஆள்தான் கொன்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி தனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். இத்தனை பேரைப் பொய் சொல்ல வருகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, கடைசியில் அந்த வாசலில் பொய் சொன்ன ஆள் யார் என்று பார்த்தால், வீட்டுக்காரன். லானிக்கு முகம் தீயாக எரிந்தது. கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா! இரு! இரும்மா!" செருப்புக்கூட இல்லாமல் ஓடினான். "தப்பு நீ சொன்னது இல்ல. நான் சொன்னதுதான் தப்பு. உன் பாம்பு உள்ள இருக்கு. உயிரோட இருக்கு. நல்லா சாப்பிட்டு, ஒரு சுத்து பெருத்தே போயிருக்கு. வா."

கென்ட்ரா அவனை என்னமோ கேட்கத்தான் வாயெடுத்தாள். ஆனால் கால் அதற்கு முன் வாசலுக்குப் போய்விட்டது.

தொட்டிக்குள் கையை விட்டாள். டீக்கன் தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது. நேராக அவள் கைமேல் ஏறி, சட்டைக் கைக்குள் தலையை விட்டு, உள்ளே போய் அடங்கியது. லானி பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்குத் தன் சட்டைக்குள் வந்தது தன்னைத் தேடி அல்ல என்று இப்போது புரிந்தது. இந்தச் சட்டையைத் தேடி வந்திருக்கிறது. வலித்தது. அவள் அழுது சிரிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

"பாப்ரிகா, பாப்ரிகா," என்று மிளகாய்ப் பொடிக்குச் சொல்லும் பெயரால் கூப்பிட்டபடி அவள் தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாங்க டீக்கன்னு பேர் வச்சிருந்தோம்."

"பொண்ணு சார் இது."

"பொண்ணா?" லானி யோசித்தான். "எங்க சபைல பொம்பளைங்களை டீக்கன் ஆக்குறதில்லையே."

"அப்ப இவதான் முதல் ஆளு."

மிச்சம் இருந்த எலிகளை ஐஸ் போட்டுக் கட்டிக்கொடுத்தான். உரித்த தோலை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவள் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏன் பொய் சொன்னாய் என்று கடைசிவரை கேட்கவில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாம்பு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும்.

வெர்னெல் வந்தபோது தொட்டி காலியாக இருந்தது. பக்கத்தில் நாற்காலியில் லானி. அவள் கைப்பையை வைத்தாள்.

"வந்தவங்க என்ன சொன்னாங்க?"

"கட்டம் இல்லைன்னு சொன்னா."

"நீ என்ன சொன்ன?"

"தப்புன்னேன். அப்புறம் ஓடிப்போய்ச் சரின்னேன்."

வெர்னெல் அவன் பிடரியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "விளக்கையாவது அணைச்சிருக்கலாம், கரண்டுக்குப் பிடிச்ச கேடு," என்றாள். அவளும் அணைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"லானி! விறகுக் கட்டைக்குப் பின்னால. செம்புத்தலையன். இந்தத் தடவை நிச்சயம். வாலை வேற ஆட்டுது. கேக் ரெடியா இருக்கு!"

லானி எழுந்தான். பழக்கதோஷத்தில் களைவெட்டியை எடுத்தான். வெர்னெல் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள். அதையும் எடுத்துக்கொண்டு போனான்.

விறகுக்குப் பின்னால் காய்ந்த இலைக் குவியல். அதற்குள் வால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சாரைப்பாம்பைப் பார்த்தவன் நல்லபாம்பு என்று சொல்வானே, அந்த மாதிரி விஷப்பாம்பு வேஷம் போட்டு அது மிரட்டிக்கொண்டிருந்தது. லானி குனிந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பாம்பை அடிப்பதற்கு முன்னால் பார்த்தான். கண்ணில் பாப்பா வட்டமாக இருந்தது. காம்பை அடியில் விட்டு மெல்லத் தூக்கினான். பாம்பு புரண்டு தொங்கியது. வயிறு முழுக்கக் கட்டம். கறுப்பும் வெள்ளையுமாக, கதவில் தொங்கும் சோளக்கதிர் மாதிரியே.

"மிஸ் ஓப்பல், இது செம்புத்தலையன் இல்ல. சோளப் பாம்பு. எலி பிடிக்கிறது. ஒன்னும் பண்ணாது."

ஜன்னலுக்குள்ளிருந்து முத்திரை குத்துகிற குரல் வந்தது.

"அப்ப இத்தனை வருஷமா நீ என் வாசல்ல அடிச்சுப் போட்டதெல்லாம் என்ன லானி?"

லானி பாம்பைத் தலையணை உறைக்குள் இறக்கி வாயை முடிந்தான். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"தெரியல மிஸ் ஓப்பல்," என்றான். "ஒன்னைக்கூட நான் திருப்பிப் பார்த்ததில்ல."

ஓடைக்கரைப் புதரில் உறையை அவிழ்த்துவிட்டான். பாம்பு அவன் சட்டையை லட்சியமே செய்யாமல் தன் வழியில் போயிற்று. கேக்கை அவன் வாங்கிக்கொள்ளவில்லை. மிஸ் ஓப்பல் மனசு கேட்காமல் தானே நடந்து வந்து வெர்னெலிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வெர்னெல் காப்பிக் கோப்பையோடு பின்கதவைத் திறந்தாள். பீன்ஸ் பாத்தியில் அவள் புருஷன். களைவெட்டி மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. பாதிப் பாத்தி சுத்தமாகி, பீன்ஸ் செடிகள் வெட்கப்பட்டதுபோல வெளியே நின்றன. இடுப்பைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லானி," என்றாள். "அந்தப் பொண்ணுகிட்ட இன்னொரு பாம்பு இருந்தா, அதையும் தொலைக்கச் சொல்லு. வெண்டைக்காய்ப் பாத்தி பாக்கி இருக்கு."